காரைக்கால் கடற்கரையில் நாங்கள் சுரண்டிய தூண்

காரைக்காலுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் இது ஊர் சுற்றிய குஷியில் எழுதும் பதிவு அல்ல. திரும்பி வந்து பத்து நாளாகிறது, இன்னும் வயிறு எரிகிறது. பாதி எரிச்சல் என்னோடு வந்தவர்மேல். மீதி என்மேல்.

போனது 2007 பிப்ரவரியில். என் மகள் பாரிஸில் வேலை பார்க்கிறாள். அவளுடைய மேலாளரின் அப்பா பியேர், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், வயது அறுபத்தெட்டு. அவருடைய முன்னோர் ஒருவர் கப்பல் மாலுமியாக வந்து காரைக்காலில் சில வருடம் இருந்திருக்கிறார். அவர் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று குடும்பத்தில் இருக்கிறது. அதில் இருப்பதையெல்லாம் நேரில் கண்டுபிடிக்க வேண்டும் என்று பியேர் கிளம்பி வந்துவிட்டார். "கூட இருந்து பாத்துக்கோங்கப்பா" என்றாள் மகள்.

நான் திருச்சியில் பெயிண்டு, சுண்ணாம்பு, ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். பதினாறு வயதில் சுண்ணாம்பு மூட்டை தூக்கித் தொடங்கிய பிழைப்பு. சரித்திரம் தெரியாது. யாருக்கும் குனிந்து பழக்கமும் இல்லை. ஆனால் மகளின் மேலாளருடைய அப்பா என்றால் முதுகு தானாகக் கொஞ்சம் வளைகிறது. நடந்த கெடுதலுக்கெல்லாம் அந்த வளைவுதான் காரணம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகூர் வழியாகப் போனோம். வண்டி மீட்டரில் 152 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, திருவாரூரில் டிபன் முடித்து, ஒன்பதே முக்காலுக்குச் சேர்ந்தோம். வாடகை இண்டிகா, கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய், டிரைவர் பெயர் மணி, அவனுக்கு நாளுக்கு பேட்டா நூற்றைம்பது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏ.சி. அறை அறுநூறு, சாதா அறை முந்நூற்றைம்பது. சாதா அறையே போதும், கடல் காற்று வருகிறது. கொசுவர்த்தி மட்டும் நீங்களே கொண்டுபோங்கள்.

முதல் நாள் முழுக்க ஊருக்குள் சுற்றினோம். பழைய சுவர் எதைக் கண்டாலும் பியேர் தடவிப் பார்ப்பார். நோட்டைத் திறப்பார். "எங்கள் காலத்தது" என்பார். கோயிலுக்குக் கூப்பிட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மீன் மார்க்கெட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டார். இந்த ஊரில் அவருடைய ஆட்கள் கட்டியது மட்டும்தான் ஊர், மற்றதெல்லாம் நடுவில் வந்து அடைத்துக்கொண்ட இரைச்சல். எனக்குச் சுருக்கென்றது. சிரித்து மழுப்பிவிட்டேன்.

மொழிபெயர்க்க ஓர் ஆளைப் பிடித்திருந்தோம். தனபால், வயது எழுபதை நெருங்குகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அவர் அப்படி ஒரு சொல்தா. பியேரை 'முசியே' என்று கூப்பிடும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

சாயங்காலம் நோட்டில் வரைந்திருந்த ஒரு தூணைத் தேடி, கோட்டுச்சேரி தாண்டிக் கடலோரமாகப் போனோம். ஒரு மீனவக் குப்பத்தின் ஓரத்தில், சவுக்குத் தோப்புக்கு முன்னால் நின்றது. சதுரத் தூண், பதினான்கு அடி உயரம், பளீரென்று வெள்ளை. பியேர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். பேனாக்கத்தியால் ஓர் இடத்தில் சுரண்டினார். உள்ளே பதித்த கல்லில் பிரெஞ்சு எழுத்து தெரிந்தது. அவ்வளவுதான், மனிதர் கொதித்துவிட்டார். தன் நாட்டுக் கல்வெட்டை இவர்கள் சுண்ணாம்பு பூசி மூடிவிட்டார்களாம். நாளைக் காலை முழுக்கச் சுரண்டிப் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டுமாம்.

"பஞ்சாயத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றேன் தனபாலிடம்.

"எல்லாம் சொல்லியாச்சு சார். அனாதையா கெடக்குற தூணு, இதைக் கேக்க யாரு வரப்போறா?"

அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சுண்ணாம்பில் முப்பது வருடம் ஊறியவன் நான். கை வைத்துப் பார்த்தேன். விரல்கடை கனத்துக்கு அடுக்கடுக்காகப் பூச்சு, மேல் பூச்சுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வருடா வருடம் வெள்ளையடிக்கிற ஒன்று எப்படி அனாதையாக இருக்கும்? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். அது மட்டுமா, கோட்டுச்சேரிக் கடையில் நாலு கம்பி பிரஷ்ஷும் இரண்டு சுரண்டும் தகடும் நானே பார்த்துப் பொறுக்கி வாங்கினேன். எது நன்றாகச் சுரண்டும் என்று எனக்குத்தானே தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். விழிதியூரிலிருந்து இரண்டு கூலியாட்கள், தலைக்கு நூற்றைம்பது. வயல் வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்கும் கடல் விவகாரம் தெரியாது. குப்பத்து ஆண்கள் விடியும் முன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் அந்தப் பக்கமாகப் போனார்கள், பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதரைக்குக் கடலைப் பார்த்த முகமும் இரண்டு பக்கங்களும் சுத்தமாகிவிட்டன. கருஞ்சிவப்புச் செங்கல், நடுவில் சாம்பல் நிறக் கல். பியேர் படமாக எடுத்துத் தள்ளினார்.

அப்போது அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் செல்வி, நாற்பது வயதிருக்கும். தூணைப் பார்த்ததும் கூடை கீழே விழுந்தது.

"யோவ்! யாருய்யா இதைச் சொரண்டச் சொன்னது?"

"ஏம்மா கத்துறே? முசியே சர்க்கார் வேலையா வந்திருக்காரு" என்றார் தனபால், கூசாமல்.

"சுனாமிக்கு அப்புறம் இங்க வர்றவனெல்லாம் சர்க்கார்தான். அளக்குறான், தோண்டுறான், போட்டோ புடிக்கிறான். அதான் இவளுவளும் பாத்துட்டுச் சும்மா போயிருக்காளுவ. ஆம்பளைங்க கரையில இல்லாத நேரமாப் பாத்து இதுல கைய வச்சிட்டீங்களே!"

"என்னம்மா, சாமித் தூணா?" என்றேன்.

"சாமியா இருந்தா மன்னிச்சிட்டுப் போயிடும். இது வழிய்யா!"

விஷயம் இதுதான். வாய்க்கால் கடலில் சேரும் வாய்தான் அவர்களுக்குப் படகுத்துறை. இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் மணல் திட்டு, நடுவில் குறுகலான வழி. திரும்பி வரும்போது வெள்ளைத் தூணையும் பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டு நேராக ஏறி வந்தால் தப்பு நேராது. முன்பு அடையாளத்துக்கு இரண்டு பனைமரங்களும் இருந்தனவாம். சுனாமி கொண்டுபோய்விட்டது. மிச்சம் இந்தத் தூண்தான். அதற்காகத்தான் தை மாதம் ஊரே சேர்ந்து வெள்ளையடிக்கிறது. சுரண்டிய செங்கல், பின்னால் கரும்பச்சைச் சவுக்கு. கடலிலிருந்து பார்த்தால் அங்கே தூண் என்று ஒன்றே இருக்காது.

"எங்க வூட்டுக்காரரும் என் தம்பியும் வர்ற நேரம்யா" என்றாள் செல்வி.

தனபால் பியேருக்குச் சொன்னார். பியேர் நோட்டைப் பிரித்தார். படத்தில் கடலிலிருந்து தூண்வரை நேராக ஒரு கோடு. அதைச் சூரியக் கதிர் என்று எனக்கு முதல் நாள் விளக்கிய மனிதர் அவர். கோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை இப்போது வாய்விட்டுப் படித்தார். தனபால் மென்று விழுங்கிச் சொன்னார்: "வெள்ளைத் தூணை விட்டுக் கண்ணை எடுக்காமல் உள்ளே வரணும்னு எழுதியிருக்கு சார்." அந்த மாலுமி இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் வாரிசு கடலைத் தாண்டி வந்து பத்தடி தூரத்தில் இருந்த வீட்டில் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

"சுண்ணாம்பு கரைங்கடி" என்று யாரோ கத்தினார்கள். நான் தடுத்தேன். ஈரச் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரியாது, காய்ந்தால்தான் வெளுக்கும். அதற்கு நேரம் இல்லை. "வேட்டி கொண்டாங்க, வெள்ளையா எது இருந்தாலும் கொண்டாங்க" என்றேன். என் வேட்டியை உருவி ஏணியில் ஏறினேன். கீழே பட்டாபட்டி நிஜார்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வீடுகளிலிருந்து வேட்டிகளும் போர்வைகளும் ஓடி வந்தன.

கீழ்ப்பாதிதான் சுற்றியிருந்தோம். முதல் படகு தெரிந்தது. தன் வீட்டுப் படகு என்று செல்வி அடையாளம் கண்டுவிட்டாள். பெண்கள் அலையில் இறங்கி, உள்ளே வராதே என்று முந்தானையை வீசினார்கள். படகு கொஞ்சம் தயங்கியது, பிறகு தெற்கே ஒதுங்கி உள்ளே வந்தது. திட்டில் தட்டியது. பின்னால் வந்த அலை அதைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டது. இரண்டு தலைகள் தெரிந்தன. பிறகு ஒன்று. ஏணியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டாவது தலையும் மேலே வந்தது. பெண்கள் நீந்திப் போய் இழுத்து வந்தார்கள். தம்பி குடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் கக்கினான். புருஷன் கலியனுக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. என்ஜின் மணலுக்குள். அதற்குள் உச்சிவரை துணி சுற்றிவிட்டதால், பின்னால் வந்த நாலு படகுகளும் கொஞ்சம் வெளியே நின்று கோடு பிடித்து ஒழுங்காகக் கரையேறின.

டிரைவர் மணி, செல்வியையும் கலியனையும் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனான். பியேர் பர்ஸை எடுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர், "என்ஜின் செலவு அப்புறம். மொதல்ல வெள்ளையடிச்சிட்டுப் பேசுங்க" என்றார்.

அடித்தோம். கோட்டுச்சேரியில் சுண்ணாம்பு வாங்கி, பசை சேர்த்துக் கரைத்து, நானும் பியேரும் தனபாலும் மாறி மாறி ஏணியில் ஏறினோம். கூலியாட்களை அனுப்பிவிட்டேன். மூன்றே காலுக்கு செல்வி திரும்பி வந்தாள், பின்னால் கையைத் தூக்கிக் கட்டியபடி கலியன். முதல் பூச்சு காய்ந்திருந்தது. பியேர் கையெல்லாம் சுண்ணாம்பு வெந்து சிவந்திருந்தது. அந்த நிலையிலும் மனிதர் தனபாலிடம் ஒன்று சொன்னார். எழுத்து இருக்கும் கல்லை மட்டும், ஒரு முழம் அளவுக்கு, பூசாமல் விடலாமா என்று கேட்டார்.

செல்வி தூணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அதை எங்கேந்து நின்னு படிக்கணுமாம்?"

"கிட்ட நின்னுதாம்மா."

"எங்க ஆளுங்க ரெண்டு மைலுக்கு அப்பாலேந்துல்ல படிக்கணும். பூசச் சொல்லு."

பூசினார்.

என்ஜின் செலவைப் பியேரும் நானும் ஏற்றுக்கொண்டோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வருடா வருடம் சுண்ணாம்பு என் கடையிலிருந்து அனுப்புகிறேன் என்றேன். "எங்க தூணுக்கு வாங்கிப் பூச எங்களுக்குத் தெரியும், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் செல்வி. திரும்பும் வழியில் பியேர் வருத்தம் தெரிவித்தார். மகளிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஊருக்குள் பார்க்க ஒரு நாள் போதும், கடலோரத்துக்கு இன்னொரு நாள். குப்பங்களுக்குப் படகுகள் திரும்பிய பிறகு, பதினோரு மணிக்கு மேல் போங்கள். கேட்டால் பதில் சொல்ல எல்லோரும் கரையில் இருப்பார்கள். பழைய கல், கட்டை, மேடு எதைக் கண்டாலும் முதலில் "இது எதுக்குங்க?" என்று கேளுங்கள். கூட வருபவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், கேட்காமல் அவர் கை நீண்டால் பிடித்து இழுங்கள்.

தூண் எந்தக் குப்பத்தில் இருக்கிறது என்று நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். மின்னஞ்சலில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதைத் தேடி வர வேண்டியவர்கள் கடல்வழியாக வருகிறவர்கள். அவர்களுக்கு இப்போது அது தெரிகிறது.