கடப்பாரை மேல் ஒரு சனிக்கிழமை

இயந்திரங்களுடன் எனக்குள்ள உறவு, மிக்ஸி நின்றால் பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்ப்பதோடு சரி. ஆனாலும் சாலையில் லாரி பழுதாகி நின்றால், ஓய்வுபெற்ற நிபுணனின் அலட்சியத்தோடுதான் கடந்து போவேன். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினிலிருந்து ஃப்ளைவீலைக் கழற்றியவன் நான்.

அப்போது ஆறாம் வகுப்பு. சித்தப்பாவிடம் ஒரே ஒரு தண்ணீர் லாரி. அடையாறில் ஒரு பெரிய குடியிருப்புக்குத் தினமும் மூன்று நடை. கிளட்ச் வழுக்கி வழுக்கி, ஃப்ளைவீல் என்கிற அந்தக் கனத்த இரும்புச் சக்கரத்தின் முகமெல்லாம் கீறல். சனிக்கிழமை மாலைக்குள் அதைக் கிண்டி லேத்துப் பட்டறையில் சேர்த்தால், ஞாயிறு காலை கடைந்து கொடுத்துவிடுவார்கள். திங்களன்று தண்ணீர் வராவிட்டால் வேறு லாரிக்குச் சொல்லிவிடுவதாகக் குடியிருப்புக்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலைதான் பள்ளியில் தொடரோட்ட அணியிலிருந்து என்னை நீக்கி, ஓடுகிறவர்களின் செருப்புகளுக்குக் காவலாக நியமித்திருந்தார்கள். நேராகத் திருவான்மியூரில் சித்தப்பாவின் ஷெட்டுக்குப் போனேன். இன்ஜினை வெளியே எடுத்து மரக்கட்டைகள் மேல் இறக்கியிருந்தார்கள்.

"இன்னா நைனா, மூஞ்சி பன்னு கணக்கா ஊதிக் கீது?" என்றார் டிரைவர்.

அழுதுகொண்டே சொன்னேன். சித்தப்பா ஒரு கடப்பாரையின் நுனியைச் சக்கரத்தின் பல்லிடுக்கில் கொடுத்து, மறுமுனையைக் காட்டினார்.

"போல்ட்டைத் திருகினா சக்கரமும் கூடவே சுத்துதுடா. அசையாம பிடிக்கக் கனமா ஒரு ஆள் வேணும். ஏறி உக்காரு."

"ஓடுறவனுங்கள்லாம் இதுக்கு லாய்க்கில்ல ராஜா. நீ குந்து," என்றார் டிரைவர்.

குந்தினேன். என் எடையை ஒருவர் கேட்டு வாங்கியது அதுவே முதல் முறை. சித்தப்பா ஸ்பானரில் நீளக் குழாய் ஒன்றை மாட்டித் தொங்கினார். கடப்பாரை அதிர்ந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தால் கனம் கூடும் என்று நம்பி, எட்டு போல்ட்டுக்கும் எட்டு முறை பிடித்தேன். சக்கரம் காலில் விழாமலிருக்க எதிரெதிரே இரண்டு போல்ட்டை மட்டும் தளர்த்தி விட்டுவைத்தார்கள். காலியான துளைகளில் இரண்டில் நீளத் தண்டுகளை முடுக்கிவிட்டு, அந்தக் கடைசி இரண்டையும் கழற்றினார்கள். சக்கரம் தண்டுகளின் மேல் சறுக்கி வந்தது; பல்லிலிருந்து விடுபட்ட கடப்பாரை என்னோடு பக்கத்து மரக்கட்டை மேல் இறங்கியது. இருவரும் முக்கி முனகி அதைப் பழைய டயர் மேல் இறக்கினார்கள்.

"முடிஞ்சிருச்சு, இறங்குடா."

சக்கரம் ஆட்டோவில் ஏறிக் கிண்டிக்குக் கிளம்பும்வரை நான் இறங்கவில்லை.

மறுநாள் அம்மா என்னை மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு இழுத்துப் போய்விட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்ப மாட்டும்போதும் சக்கரம் சுற்றுமே, யார் உட்காருவார்கள்? எந்த நேரமும் ஆள் அனுப்புவார்கள் என்று, முன்னேற்பாடாக இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டேன். யாரும் வரவில்லை.

திங்கள் மாலை லாரி மூன்று நடையும் முடித்து, காலி டாங்கியோடு கம்பீரமாக ஷெட்டுக்குள் நுழைந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"நேத்து யாரு உக்காந்தா சித்தப்பா?"

"யார் உக்காரணும்? இத்தனூண்டு இரும்புத் துண்டைப் பல்லுல சொருகி..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குச் சித்தப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. நான் இல்லாமல், பாவம், ஒரு இரும்புத் துண்டை வைத்துச் சமாளித்திருக்கிறார்.