நீலப் படுதாவின் முடிச்சு

அந்த ஐந்து நாளும் தோட்டத்தில் இருந்தது நானும் அத்தையும்தான். அப்பா இல்லை, அம்மா இல்லை, எட்டு மாதக் குழந்தையான தங்கச்சியும் இல்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் முற்றி, மூவரும் ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள அத்தை, அவள் என்னிடம் மாட்டிக்கொள்ள நான். நாலாம் வகுப்பு அப்போது.

புறப்படும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார். "பட்டறையப் பாத்துக்க கண்ணு."

வெங்காயப் பட்டறை. கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, சின்ன வெங்காயத்தைத் தாள் அறுக்காமல் நெஞ்சுயரம் குவித்து, சுற்றிலும் தென்னந்தடுக்கு வைத்துக் கட்டியது. அடியிலும் பக்கத்திலும் காற்று புகுந்து வர, விலை ஏறும்வரை மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அந்த வருடம் நாற்பது மூட்டை. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இனி அதுதான் என்று அம்மா பாப்பாவைத் துண்டில் சுற்றியபடி அழுததை நான் கேட்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்தது. மழை வந்தால் அப்பா பட்டறையின் தலையில் மட்டும் படுதாவைப் போடுவார், விட்டதும் எடுத்துவிடுவார். பக்கமெல்லாம் நனையுமே என்று எனக்குத் தோன்றும். அது அப்பாவின் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். நான் அப்படி விடவில்லை. நீலப் படுதாவைத் தரைவரை இழுத்துச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி முடிந்தேன். ஓர் ஈ கூட நுழைய முடியாது.

"என்ற மருமவன் படிச்சவனாச்சே! உங்கொப்பனுக்கே இது தெரியாது போ" என்றாள் அத்தை. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் எங்கள் வீட்டில் என் புத்திக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை.

அடுத்த மூன்று நாளும் நல்ல வெயில். மறுபடி மழை வந்துவிட்டால்? படுதாவை நான் அவிழ்க்கவே இல்லை.

ஐந்தாம் நாள் மதியம் பட்டறைப் பக்கம் எங்கள் நாய் போக மறுத்தது. போய்ப் பார்த்தேன். ஓர் ஓரத்தைத் தூக்கியதும் சோற்றுப்பானை மூடியைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. கூடவே ஒரு நாற்றம். உள்ளே கை விட்டேன். விரல்கள் வெங்காயத்துக்குள் புதைந்தன. வெளியே இழுத்தபோது கை முழுக்கக் கரி போல ஒரு கறுப்புத் தூள்.

அப்போதுதான் எங்கள் ஊர்க் கூட்டத்தில் தோட்டக்கலை ஆபீசர் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒண்ணு அழுகுனாப் போதுமுங்க, தொட்டதுக்கெல்லாம் ஒட்டும். பூசணம் புடிச்சத உடனே பொறுக்கித் தூர எறிஞ்சுபோடோணும்." அவர் வெங்காயத்தைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு என் கை மட்டும்தான் தெரிந்தது.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன், சோப்புப் போட்டேன், மண்ணெண்ணெயும் ஊற்றினேன். நக இடுக்கில் கறுப்பு போகவில்லை. மத்தியானச் சோற்றைக் கரண்டியால் தின்றேன். "தொரை ஆயிட்டீங்களாக்கும்" என்று அத்தை சிரித்தாள்.

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. இளைத்துப்போயிருந்த பாப்பா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. "புடி கண்ணு, அஞ்சு நாளா உன்னத்தான் தேடுனா" என்றாள் அம்மா. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினேன். தொட்டால் பாப்பாவும் உள்ளுக்குள் மெத்தென்று ஆகிவிடும் என்று நம்பினேன். பாப்பா வீறிட்டது.

அப்பா நேராகப் பட்டறைக்குப் போனார். நாற்றமே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். கயிற்று முடிச்சின் முன்னால் குந்தியவர் வெகுநேரம் அதையே பார்த்தார். அரிவாளை எடுத்தவர் வெட்டாமல் கீழே வைத்தார். தொங்கிய நுனிகளில் ஒன்றை லேசாக இழுத்தார். முடிச்சு தானாக அவிழ்ந்துகொண்டது.

"ஆருங்க இப்படிக் காத்துப் போகாம மூட்டங்கட்டி வெச்சது?" என்று கேட்டாள் அம்மா.

அத்தை வாயைத் திறந்தாள்.

"நாந்தான்" என்றார் அப்பா. "ஆசுபத்திரிக்கு ஓடுற அவசரத்துல சுத்திப்போட்டேன்."

"இத்தன வருசமாப் பட்டறை போடற ஆளு செய்யற வேலைங்களா இது?"

அப்பா படுதாவைச் சுருட்டி ஓரமாகப் போட்டார். அத்தை திறந்த வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தைப் பொறுக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து எல்லோரும் தரம் பிரித்தோம். கழுத்து மெத்தென்றால் ஒரு கூடை, கறுப்பு ஏறியது ஒரு கூடை, கெட்டியாக இருப்பது நிழலில் உலர. அழுகியதையெல்லாம் அப்பா வெகுதூரம் கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடினார். அவர் கையும் முழங்கைவரை கறுப்பு. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"ஏனுங்கப்பா, இது மனுசனுக்கு ஒட்டுங்களா?"

அப்பா என் கைகளைப் பிடித்துத் திருப்பி, மண்ணெண்ணெயில் வெந்து சிவந்திருந்த தோலைப் பார்த்தார்.

"வெங்காயத்து நோவு வெங்காயத்துக்குத்தான். கையக் கழுவிப்போட்டுப் போயி பாப்பாவத் தூக்கு, போ."

ஓடினேன். தப்பித்துவிட்டேன், அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரி விடுதியில் ஒரு நாள் ஷூவுக்குக் கயிறு கட்டும்போதுதான் கை அப்படியே நின்றது. இரண்டு காது வைத்து, ஒரு நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தது, அன்று படுதாவில் நான் போட்டதும் அதேதான். எங்கள் வீட்டில் ஷூ போட்டவன் நான் ஒருவன்தான்.

பள்ளிக்கென்று அப்பா வாங்கித் தந்த அந்த ஷூ இருநூற்றைம்பது ரூபாய். குழிக்குள் போனது பதினாலு மூட்டை. அந்த வருட விலைக்கு இருபத்தெட்டாயிரம்.