மணவாளன் கொண்டுபோன மனு

வில்லியனூர் மணவாளன் வாத்தியார் நாவல் எழுதுவதற்கு முன் மனு எழுதுவார். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விசாரிப்பார்; அதிகாரிகளுக்கு மனுப் போடுவார். பதில் வராது. அதையே கதையாக்கிவிடுவார். அவருடைய மூன்று நாவல்களும் அப்படிப் பிறந்தவைதான்.

பிரெஞ்சுப் புதுச்சேரியில் நடந்த 1937 தேர்தலில் செத்தவர்களும் வோட்டுப் போட்டார்கள் என்று பேச்சு. வாத்தியார் வோட்டுப் போட்டவர்களைக் குறித்த வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு, மயானத்தில் பிணம் எரிக்கும் சுப்புராயனிடம் போய்ப் பெயர் பெயராகக் கேட்டார். எந்தக் கொம்யூன், அதாவது எந்த ஊராட்சி, என்பது இங்கே வேண்டாம். ஒரு பெயரில் சுப்புராயன் நிறுத்தினார். பக்கிரி. ஐந்து வருஷத்துக்கு முன் ஏரியில் மூழ்கிச் செத்தவர்.

பக்கிரியின் மனைவி கெங்கம்மாள் கரும்புத் தோகை கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க வூட்டுக்காரரு போன ஞாயித்துக்கிழம வோட்டுப் போட்டிருக்காரும்மா."

"இன்னா வாத்தியாரே! அம்மாந்தூரம் வந்த மனுசன் வூட்டாண்ட ஒரு எட்டு வந்துட்டுப் போவக்கூடாதா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "கொள்ளி வச்சி அனுப்பனவரகூட வுட மாட்டாங்களா? அந்தப் பேர எடுக்கச் சொல்லுங்க."

இருவரும் மேரி என்னும் கொம்யூன் அலுவலகத்துக்குப் போனார்கள். மனுவில் கெங்கம்மாள் கைநாட்டு வைத்திருந்தாள். குமாஸ்தா சம்மந்தம் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்.

"அந்த வூட்ல ஒரே சாவுதான். பக்கிரி இல்ல. பக்கிரி பெண்சாதி கெங்கம்மாள்."

வாத்தியாருக்குக் கணக்கு விளங்கியது. பெண்களுக்கு வோட்டு கிடையாது. பெண் செத்தால் ஒரு வோட்டும் குறையாது. பக்கிரியின் சாவைக் கெங்கம்மாள் பெயரில் எழுதிவிட்டு, அவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றைக் கற்பனையாக எழுதக்கூடத் தமக்குத் துணிவு வந்திருக்காது என்று பட்டது. குறிப்பெடுக்க எடுத்த பென்சிலைத் திரும்பப் பையில் செருகினார்.

"மனு செல்லாது வாத்தியாரே. செத்தவ கைநாட்டு எப்பிடிச் செல்லும்?"

"இவங்கதான்யா கெங்கம்மா! கண்ணெதிரே நிக்கிறாங்க!"

"நிக்கட்டும். புத்தகத்துல உசுரோட இல்லியே."

கெங்கம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அஞ்சு வருசமா நடவுக்குப் போறது இன்னா, எம் பேயா?"

மேசைமேல் இருந்த மைத்தட்டில் கட்டைவிரலை அழுத்தினாள். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, "எந்த வரி வாத்தியாரே?" என்றாள். அவர் தொட்டுக் காட்டினார். தன் சாவின் மேல் விரலை ஊன்றி எடுத்தாள்.

"ஐயையோ, சர்க்கார் புத்தகம்மா!" குமாஸ்தா எழுந்தே விட்டார்.

"பக்கத்துலயே எழுதிக்க. செத்தவளே வந்து வச்சிட்டுப் போனான்னு."