பாகீரதியின் மூன்று திரைகள்

கரமனை அக்ரஹாரத்து வெங்கடேஸ்வரனுக்கு இடது பக்கம் விழுந்ததிலிருந்து, அவர் மனைவி பாகீரதி கட்டிலருகே மேஜையைப் போட்டுக்கொண்டுதான் பிழைப்பை நடத்துகிறாள். ஊரின் மறுகோடியில், கழக்கூட்டத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் யாருக்கோ வந்த நோயைப் படித்து, இன்ஷூரன்ஸ்காரனுக்குப் புரியும்படி அதற்கு ஓர் எண் போட வேண்டும். பக்கவாதத்துக்கான எண்ணை மட்டும் அவள் எதையும் பார்க்காமலே போடுவாள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வீட்டிலிருந்தே வேலை செய்ய அவளுக்குத் தனி அனுமதி. அது இருக்கும் வரைதான் அவருக்கு வேளைக்குக் கஞ்சி, வேளைக்கு மருந்து, புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை. பிள்ளைகள் இல்லை. ஆள் வைக்க வசதியும் இல்லை.

அதற்குத்தான் வேட்டு வைத்தது புது விதி. நோயாளியின் குறிப்பு ஒரு திரையில், எண் தேடுவது இன்னொன்றில், பதிவு மூன்றாவதில் என்று எல்லாம் திறந்தே இருக்க வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் வீட்டில் மூன்று திரை வைக்காதவர்கள் ஆபீசுக்குத் திரும்பிவிட வேண்டும். கம்பெனி கொடுத்த லாப்டாப்பிலோ மானிட்டர் மாட்ட ஒரே ஒரு ஓட்டை. விதி போட்ட மகராசன் அந்த லாப்டாப்பை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம்.

லாப்டாப்பின் திரை போக, ஒரு மானிட்டர் ஏற்கெனவே இருந்தது. இன்னொன்றைத் தெரிந்தவர்களிடம் கெஞ்சி வாங்கினாள். பழவங்காடியில் கடை வைத்திருக்கும் நாகர்கோவில்காரன் செல்வகணேஷ், சின்னதாக ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தான். "இதை மாட்டுங்கக்கா, ஒரு ஒயர்ல ரெண்டு மானிட்டரும் ஓடும்" என்றான். ஓடத்தான் செய்தது. இரண்டிலும் ஒரே படம்.

கட்டிலிலிருந்து வெங்கடேஸ்வரன் குழறிச் சிரித்தார். "ஒண்ணை என் பக்கம் திருப்பி வைடீ. நானும் பாத்துண்டு கிடக்கேன்."

"அதெல்லாம் அடுத்தவா வியாதி, நீங்க பாக்கப்படாது. உங்க வியாதி போறாதா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கவனிக்கும் மலையாளிப் பையன் ரதீஷுக்குப் போன் செய்தாள்.

"சேச்சி, அந்த டப்பா ஒரே படத்தைத்தான் ரெண்டு இடத்துலே காட்டும். யு.எஸ்.பி.யிலே மாட்டுற அடாப்டர் வேறே உண்டு. அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் ஏத்தணும். உங்களுக்கு அந்த பெர்மிஷன் இல்லா. லாப்டாப்பை இங்கே கொண்டு வரணும், கேட்டோ?"

வேறு வழியில்லை. எதிர்வீட்டு சீதாலக்ஷ்மியை ஒரு காலைப்பொழுது அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். நன்றாகவே சிதறியது. கழக்கூட்டத்தில் இறங்கி, வெகுநாளாகத் தொடாத அடையாள அட்டையைக் கேட்டில் தேய்த்து உள்ளே போனாள்.

ரதீஷ் சாஃப்ட்வேரை ஏற்றி, அடாப்டரையும் கொடுத்து, அங்கிருந்த மானிட்டர்களில் மாட்டிக் காட்டினான். மூன்று திரை, மூன்று படம். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் மேனேஜர் ஸ்நேகா கூப்பிட்டனுப்பினாள். அவளும் கரமனைக்காரிதான். பாவாடை கட்டிக்கொண்டு பாகீரதி வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் வாங்க வந்த குழந்தை.

"மாமி, தப்பா எடுத்துக்கப்படாது. ஆபீஸ் வரவே முடியாதுன்னுதானே உங்களுக்கு ஸ்பெஷல் பெர்மிஷன்? இன்னிக்குக் கார்டு பஞ்ச் ஆயிருக்கு. வர முடியறதேன்னு எச்.ஆர். கேக்கறா."

"உங்க ரூலுக்காகத்தானேடி வந்தேன்!"

"எனக்குத் தெரியும் மாமி. சிஸ்டத்துல வந்ததாத்தானே காட்டறது. திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடுங்கோ. மாமாவை யாராவது பாத்துக்க மாட்டாளா? இன்னிக்குப் பாத்துண்டாளே."

சீதாலக்ஷ்மி ஒரு காலைக்குச் செய்த உபகாரத்தைக்கூட இப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்ள இந்தப் பெண் எங்கே படித்தாள் என்று பாகீரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியென்று லாப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். வேலையும் போய்விட்டால் மருந்துக்கு எங்கே போவது?

வீட்டுக்கு வந்ததும், பழக்க தோஷமோ என்னவோ, எல்லாவற்றையும் மேஜையில் மாட்டினாள். மூன்றிலும் வேறு வேறு படம் வந்தது.

"பேஷ், வந்துடுத்தே!" என்றார் வெங்கடேஸ்வரன். "இனிமே தொந்தரவில்லையோன்னோ?"

அவள் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து விடிந்தால் போய் இருட்டினால்தான் வருவாள் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் பார்வை உத்தரத்துக்குப் போனது.

"அப்போ ஒண்ணை இந்தப் பக்கம் திருப்பி வை. பாத்துண்டு கிடக்கேன்."

"லாப்டாப் என்னோட வந்துடுமேன்னா. அதுல ஒண்ணும் வராது. வெறும் கறுப்பாத்தான் இருக்கும்."

"பரவாயில்லை. உத்தரத்தையே பாத்துண்டு கிடக்கறதுக்கு இது தேவலை. திருப்பி வை."

பாகீரதி ஒயரைப் பிடுங்கி, மானிட்டரைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்தாள்.