தொட்டிக்கு மேலே கவிழ்த்த வள்ளம்

ஊர்காவற்றுறைக் குருசுமுத்து, வேலணை ஆழ்வாப்பிள்ளைக்கு நாலாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. எண்பத்து நாலாம் ஆண்டு வள்ளத்துக்குப் புதுப்பலகை போட வாங்கிய காசு. அந்த வள்ளமேதான் ஈடு. எண்பத்தாறு பங்குனி முடிவதற்குள் காசு வராவிட்டால் வள்ளம் ஆழ்வாப்பிள்ளைக்கு. வாய்ப்பேச்சுத்தான், எழுத்தில்லை. இரண்டு பேருமே சொன்ன சொல்லில் நிற்கிற ஆட்கள்.

தகப்பன் விட்டுப்போன வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போனவர்கள் அந்தக் கரையில் நிறையப் பேர். குருசுமுத்துவுக்குத் தகப்பன் விட்டுப்போனது ஒரு கிழிந்த வலையும் இரண்டு தங்கைகளும்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மற்றவனுடைய வள்ளத்தில் தண்ணீர் இறைத்து, கூலிக்கு வலை இழுத்து, தங்கைகள் இருவரையும் கரைசேர்த்து, அதற்குப் பிறகு தன் காசில் வள்ளம் வாங்கிய மனுசன். அப்படி ஒருவனைக் காட்டு என்று அவர் கேட்டால் காட்ட ஆளில்லை. அவரும் அடிக்கடி கேட்பார்.

வள்ளத்துக்குப் பலகை போட்டு முடித்த கையோடு சண்டை முற்றிக் கடல் மூடப்பட்டது. கடலில் கண்ட வள்ளத்தைக் கடற்படை சுட்டது, கரையில் கண்டதை ஹெலிகொப்டரில் வந்து எரித்தார்கள். வலை கூரையில் தொங்கியது. வளவுக்குள் கருவாட்டுக்கு மீன் உப்புப் போடுகிற சீமெந்துத் தொட்டி வெறுமையாகக் கிடந்து வெடித்தது.

அந்த மாரியில் வேலணைக் குளம் நிரம்பி வழிந்தபோது வாய்க்காலில் யப்பான் மீன் என்று ஊர் சொல்கிற திலாப்பியாவின் குஞ்சுகள் துள்ளுவதைக் குருசுமுத்து பார்த்தார். இரண்டு வாளி அள்ளிக்கொண்டு வந்தார். தொட்டியை உப்புப் போகப் போகக் கழுவி, வெடிப்பைப் பூசி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக் குஞ்சுகளை விட்டார். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் உவர் கொஞ்சம் இருக்கும். யப்பான் மீனுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவருடைய பெண்சாதி சூசையம்மா, தகரப் பீப்பாய் ஒன்றை நீளப்பாட்டுக்குப் பிளந்து, முருகைக் கல் நிரப்பி, அதிலே கீரை நட்டாள். தொட்டியின் அழுக்குத் தண்ணீரை வாளியால் அள்ளி ஒரு பக்கம் ஊற்றினால் கல்லுக்குள்ளால் வடிந்து மறுபக்கம் தெளிவாகத் தொட்டிக்குள்ளேயே விழும். கீரை முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. ஊர் சிரித்தது. கடலைப் பிடித்துத் தொட்டிக்குள் கட்டிவைத்திருக்கிறார் அண்ணை என்று அயல்வளவுப் பத்திநாதர் சந்தியில் நின்று சொன்னார். அடுத்த தவக்காலத்துக்கு மீன் கேட்டு நீரே என் படலை வாசலுக்கு வருவீர் என்று குருசுமுத்து திருப்பிச் சொன்னார்.

மீன் வளர்ந்தது. ஆனால் வெயிலுக்குத் தண்ணீர் பச்சையாகிப் பாசி பிடித்தது. விடியப்புறங்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நிழல் வேண்டும் என்பது விளங்கியது. வள்ளத்தின் பாயை எடுத்துத் தொட்டிக்கு மேலே இழுத்துக் கட்டினார். கடல்காரன் கட்டு எப்படி இருக்கும்? நாலு பக்கமும் இறுக்கி, ஒரு விரல்கூட நுழையாமல், காற்றில் ஒரு மூலையும் படபடக்காமல் கட்டினார். அந்தக் கட்டைத் தானே தட்டிப் பார்த்து மெச்சினார். இரண்டாம் நாள் அவிழ்த்தபோது தண்ணீர் கஞ்சிபோலச் சூடாயிருந்தது. நாற்பது மீன் வயிறு தெரிய மிதந்தன.

“வெயிலை மறைக்கச் சொன்னா நீங்கள் காத்தையுமெல்லோ மறைச்சுப் போட்டியள்,” என்றாள் சூசையம்மா. அவர் பாயை மடித்து உள்ளே வைத்தார்.

பிறகுதான் அந்த வேலையைச் செய்தார். கரையில் கிடந்தால் எரிக்கப்படப் போகிற வள்ளத்தை ஆட்களைப் பிடித்து வளவுக்குள் தூக்கிவந்தார். தொட்டியைச் சுற்றிப் பனங்குற்றிகள் நட்டு, நெஞ்சளவு உயரத்தில் வள்ளத்தைக் கவிழ்த்து வைத்தார். அடியால் காற்றுப் போனது. வள்ளத்துக்கு மேலும் இரண்டு பக்கமும் பனையோலை பரப்பிக் கட்டினார்கள். தொட்டி முழுவதும் நிழல், ஹெலியில் மேலே பறக்கிறவனுக்கு அது வெறும் குசினிக் கொட்டில். வள்ளமும் தப்பியது, மீனும் தப்பியது. இப்படி ஒரு மூளை எந்தப் படித்தவனுக்கு வரும் என்று அவர் கேட்டார். கேட்க உரிமையும் இருந்தது.

பங்குனி வந்தது. தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை, கடலில் மீனும் இல்லை. பெரிய வியாழனுக்கு மீனை விற்றால் கடன் தீரும்.

அதற்கு ஒரு கிழமைக்கு முன், உச்சி வெயிலில், ஆழ்வாப்பிள்ளை இழுவைப் பெட்டி கொழுவிய உழவு மெசினில் வந்து இறங்கினார். பின்னால் ஆறு பேர்.

அவர் சண்டைக்கு வரவில்லை. வேலணைக் கரையில் அன்று விடிய மூன்று வள்ளம் எரிந்ததாம். என்னுடைய ஈடும் எரிந்தால் நாலாயிரத்துக்கு எங்கே போவது, வள்ளத்தை என் தோட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், காசு தந்ததும் எடும் என்றார். தவணை முடியவில்லை என்றார் குருசுமுத்து. தவணை வரும்வரைக்கும் வள்ளம் இருக்குமோ என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

“அண்ணை, இந்த வெயிலுக்கை வள்ளத்தைக் கிளப்பினா பொழுதுபட முன்னம் மீன் செத்துப்போம். மீன் செத்தா உங்கட காசும் செத்துப்போச்சு.”

“மீனை நம்பி நான் காசு தரேல்லை, குருசுமுத்து. வள்ளத்தை நம்பித் தந்தனான்.”

அது உண்மைதானே. வள்ளம் போனால் ஓலையைத் தாங்கக் கூரைமரம் வேண்டும், வேறு கொட்டில் போடக் கையில் காசில்லை. ஆழ்வாப்பிள்ளை கண்ணைக் காட்ட, ஆட்கள் ஓலைகளை அவிழ்த்துக் கீழே போடத் தொடங்கினார்கள். வள்ளத்தின் கறுத்த அடி வெயிலில் மினுங்கியது. சூசையம்மா ஓடிப்போய்த் தொட்டியின் வெயில் விழுந்த பக்கத்தில் தன்னுடைய சேலையை விரித்துப் பிடித்தாள். மீன்கள் எல்லாம் மறுபக்கம் ஒதுங்கின.

அப்போதுதான் ஹெலிச் சத்தம் கேட்டது.

ஆறு பேரில் நாலு பேர் பனங்கூடலுக்குள் ஓடினார்கள். மெசின் ஓட்டி வந்தவன் பெட்டிக்கு அடியில் புகுந்தான். ஆழ்வாப்பிள்ளை ஓடத் திரும்பினார். குருசுமுத்து அவருடைய கையைப் பிடித்தார்.

“ஓடாதையுங்கோ. ஓலையைத் தூக்குங்கோ. வள்ளத்தைக் கண்டானெண்டா வளவே மிஞ்சாது.”

குருசுமுத்து ஒரு ஓலையைத் தூக்கி எறிந்தார். சூசையம்மா இரண்டை இழுத்துவந்தாள். ஆழ்வாப்பிள்ளை, சால்வை விழுந்ததுகூடத் தெரியாமல், கை மட்டைக் கருக்கில் கீற, ஓலையை வாரி வாரிக் கொடுத்தார். முன் அணியம் மூடியது. நடுவும் மூடியது. பின் கடையால் பக்கம் இன்னும் ஒரு பாகம் திறந்து கிடந்தது. சத்தம் பனைகளுக்கு மேலே வந்துவிட்டது. கடைசி ஓலையைக் குருசுமுத்து எறிந்தார். அது சரிந்து, தொங்கி, நின்றது.

மூன்று பேரும் ஓடாமல் மிஞ்சிய கூலியாளும் தொட்டிக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். தலைக்கு மேலே வள்ளம். மீன்கள் தொடையில் முட்டின. ஹெலி ஒருமுறை சுற்றியது. கட்டாத ஓலைகள் அதன் காற்றுக்கு எழும்பி எழும்பி விழுந்தன. ஆழ்வாப்பிள்ளை சிவ சிவா என்றார், சூசையம்மா மாதாவைக் கூப்பிட்டாள். குருசுமுத்து யாரையும் கூப்பிடவில்லை. அந்தத் தொங்கிய ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையும் சுற்றியது. பிறகு கடற்கரைப் பக்கம் போனது. அங்கே சுடுகிற சத்தம் கேட்டது. புகை எழும்பியது.

ஆழ்வாப்பிள்ளை கன நேரம் தண்ணீரைவிட்டு எழும்பவில்லை. எழும்பியபோது வேட்டி முழுக்கப் பாசி.

“இதைப் பெட்டியிலை ஏத்திக்கொண்டு அந்த றோட்டாலை போயிருந்தா…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

“போயிருந்தா எனக்குக் கடனும் இல்லை, உங்களுக்கு வள்ளமும் இல்லை,” என்றார் குருசுமுத்து.

ஆழ்வாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை மாதிரியும் இருந்தது. தவணைக்கே வாறன் என்றார். போவதற்கு முன் ஓடிப்போன ஆட்களைக் கூப்பிட்டு, ஓலைகளை முன்னிருந்ததைப் போலக் கட்டிவிடச் செய்தார். குருசுமுத்து பின்னால் நின்று அந்தக் கட்டு சரியில்லை, இந்தக் கட்டு சரியில்லை என்று அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவித்தார்.

கலங்கிய தொட்டியில் மீன்கள் வாயைத் திறந்தன. பொழுதுபடும் மட்டும் புருசனும் பெண்சாதியும் மாறி மாறி வாளியால் அள்ளிக் கீரைக்கல்லில் ஊற்றினார்கள். பதினொரு மீன் செத்தது. மிச்சம் தப்பியது.

பெரிய வியாழன் காலையில் படலைக்கு வெளியே தட்டுகளோடு சனம் நின்றது. பத்திநாதரும் நின்றார். சூசையம்மா அவருக்கு விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் தொட்டி வெறுமை.

உயிர்ப்புத் திருநாள் கழிந்த திங்கட்கிழமை குருசுமுத்து வெள்ளை உடுப்போடு பஸ் ஏறி வேலணைக்குப் போனார். ஆழ்வாப்பிள்ளை தோட்டத்தில் மிளகாய்க்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். பங்குனி முடிய இன்னும் கிடக்கே, வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் பேசுவோம், காசை அங்கே வையும் என்றார். “கையை நீட்டுங்கோ,” என்றார் குருசுமுத்து. ஆழ்வாப்பிள்ளை மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டுச் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்து, ஓலைக் கீறல் இன்னும் ஆறாத உள்ளங்கையை விரித்தார். குருசுமுத்து மடியிலிருந்து மீன் மணக்கிற தாள்களை எடுத்து, ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணி, நாலாயிரத்தையும் அந்தக் கையில் வைத்தார்.