மண்டபத்தில் ஊதிய ட்ரம்பெட்

சட்டைப்பையில் கைபேசியை வைத்துக்கொண்டு, என் வாழ்நாளின் ஆகச் சிறந்த வாசிப்பைச் சாமத்திய வீட்டு வீடியோக்காரரிடம் நம்பி ஒப்படைத்த மடையன் நான். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் வெட்கம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடமாக ரொறன்ரோவில் ஜாஸ் ட்ரம்பெட் வாசிக்கிறேன். இது என் மனைவிக்கும், சுவரில் தட்டும் பக்கத்து வீட்டாருக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு நான் அஜின்கோர்ட்டில் பார்சல் போடுகிற ஆள். டவுன்டவுனில் ஒரு ஜாஸ் கிளப்பை நச்சரித்து நச்சரித்துக் கேட்டதில், கடைசியில் அவர்கள் ஒன்று கேட்டார்கள்: ஆட்களுக்கு முன்னால் வாசித்த வீடியோ. பிடித்தால் அங்கே வாசிக்க ஓர் இரவு தருவார்களாம். என்னை ஆட்களுக்கு முன்னால் யார் கூப்பிட்டார்கள்?

மனைவியின் தம்பி கூப்பிட்டான். அவன் மகளின் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு விழா; மார்க்கம் நகரில் மண்டபம். பிள்ளை உள்ளே வரும்போது கொஞ்சம் ஊத வேண்டும். நாதஸ்வரக்காரர் கிடைக்காத குறைக்குத்தான் நான் என்பதைப் பிறகு அறிந்தேன்.

நான் ஊதத் தொடங்கியதும் மைத்துனன் ஓடிவந்தான்.

"அத்தான், பிள்ளைக்குத் தலை அலங்காரம் முடியேல்லை. கொஞ்சம் இழுங்கோ."

"எவ்வளவு நேரம்?"

"நான் கை காட்டுமட்டும்."

இழுத்தேன். என் சொந்த மெட்டை எடுத்து, உடைத்து, திருப்பிக் கட்டி, வேறெங்கோ கொண்டுபோய் விட்டேன். முன்வரிசை அன்ரி ஒருவர் பாதி கடித்த றோல்ஸைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தார். இரண்டு கமராக்கள் என் முகத்துக்கு நேரே நின்றன. அன்றிரவே கிளப்புக்கு எழுதினேன், வீடியோ வருகிறதென்று.

மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு வீடியோ வந்தது. படத்தில் நான் கன்னம் உப்ப ஊதுகிறேன், வியர்வைகூடத் துல்லியம். சத்தம் மட்டும் சினிமாப் பாட்டு. நம்மவர் வீட்டு வீடியோ எதில்தான் உண்மைச் சத்தம் கேட்டிருக்கிறது? எத்தனை பார்த்திருப்பேன், எனக்கு உறைக்கவில்லை.

வீடியோக்காரரை அழைத்தேன்.

"தம்பி, நான் ஊதினது எங்கை?"

"எல்லாருக்கும் பாட்டுத்தானே அண்ணை போடுறனாங்கள்."

"அது சரி. என்ர சத்தத்தைத் தனியா எங்கையும் வைச்சிருப்பியளே?"

"இரைச்சல் எண்டு அழிச்சுப்போட்டன்."