புறாக்காரன் சாட்சி

அலெப்போவில் புறாக்காரன் பேச்சுக்கு மதிப்பே கிடையாது. அடுத்தவன் புறா தன் கூட்டத்தோடு வந்து இறங்கினால் அமுக்கிக்கொண்டு, "நான் பாக்கவே இல்ல, அல்லா மேல ஆணை" என்று கூசாமல் சொல்கிறவன் அவன். மாடியில் நின்றுகொண்டு அடுத்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்கிறவன் என்ற கெட்ட பெயர் வேறு. ஹம்தோவின் தம்பியை லாரி ஏற்றிக் கொன்றவனை ஹம்தோ தன் கண்ணால் பார்த்தான். கோர்ட்டில் தொழில் கேட்டார்கள். செருப்புத் தைப்பதாகச் சொன்னான், அதுதான் உண்மை. "ஐயா புறாவும் விடுவாருங்க" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சிரித்தான். அதோடு சாட்சி செல்லாது என்று இறக்கிவிட்டார்கள். லாரிக்காரன் அன்றைக்கே வீட்டுக்குப் போனான்.

அப்பேர்ப்பட்டவன் பேச்சைக் கேட்டுத்தான் பிறகு உள்நாட்டுப் போர் முற்றுகையில் ஒரு தெருவே உயிர் பிழைத்தது. அரசாங்க ஹெலிகாப்டர்கள் வெடிமருந்தும் இரும்புத் துண்டும் அடைத்த பீப்பாய்களை உருட்டிவிடும். கரும்புள்ளியாக அது கிளம்பித் தரைக்கு வர அரை நிமிடம் ஆகும். முப்பது வருஷம் வானத்தையே பார்த்த கண் ஹம்தோவுக்கு. புள்ளி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனுக்குத் தெரியும். தன் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்த உயரமான கட்டடத்து மாடியில் காவல் இருந்து, "நம்ம பக்கம்! இறங்குங்க!" என்று கத்துவான். தெரு மொத்தமும் ரொட்டிக்கடையின் நிலவறைக்குள் பாயும். பதினோரு முறை கத்தினான். பதினோரு முறையும் சரி.

"இப்ப உன் வாக்கு வேதவாக்கு ஆயிடுச்சுய்யா" என்பாள் மனைவி ஃபத்தூம். "புறாவ நம்பிக் கெட்டவன், புறாவால பொழைச்சான்."

புறாக்கள்தான் பிழைக்கவில்லை. கடைசிச் சாலையும் அடைபட்ட பிறகு வாரத்துக்கு இரண்டு தரம் ரொட்டி, கொஞ்சம் பருப்பு, அவ்வளவுதான். அறுபது புறாவும் ஒவ்வொன்றாகச் சட்டிக்குப் போனது. கஹ்லாவை மட்டும் அவனால் அறுக்க முடியவில்லை. மை தீட்டினாற்போன்ற கண்ணுள்ள பெட்டை அது. காவல் மாடியில் தண்ணீர் இல்லாமல் கிடந்த தொட்டிக்குள் அதை ஒளித்து, தன் பங்குப் பருப்பில் பாதியைப் போட்டு வந்தான்.

ஹம்தோ குடியிருந்த கட்டடத்தில் இரண்டாம் மாடி உம் வஹீதின் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. கிழிந்த துணிபோலக் கிடந்தாள் குழந்தை.

"ஹம்தோண்ணே, ஒரே ஒரு புறா. சாறு வச்சுக் குடுத்தா எந்திரிச்சிரும்" என்று வந்து நின்றாள் உம் வஹீத்.

"எல்லாம் தீந்துபோச்சும்மா. அல்லா மேல ஆணை."

பழகிய வாய், சறுக்கிவிட்டது. ஃபத்தூமுக்குத் தொட்டி விஷயம் தெரியும். புருஷன் முகத்தைப் பார்த்தாள். "கடைசிய நானே என் கையால சமைச்சேன்க்கா" என்று அவளும் ஆணையிட்டாள். பாவி மனுஷன், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

நாலாம் நாள் பக்கத்தில் விழுந்த குண்டில் தொட்டி மூடி கழன்றது. கஹ்லா வெளியே வந்து, தெருவே ரொட்டிக்கு வரிசையில் நிற்கையில், தலைக்கு மேல் மூன்று வட்டம் அடித்துவிட்டு மறுபடி மாடியில் இறங்கியது.

உம் வஹீத் கத்தவில்லை. ஃபத்தூமின் எதிரே வந்து நின்று, "எம்புள்ளய விட அது பெருசாடி?" என்றாள்.

அன்றே ஹம்தோ கஹ்லாவை அறுத்தான். இரண்டு தரம் அறுக்க வேண்டிவந்தது. ஃபத்தூம் சாறு வைத்து எடுத்துப் போனாள். கதவு திறக்கவில்லை. வாசலில் வைத்த கிண்ணம் ஆறிப்போய் மறுநாளும் அங்கேயே இருந்தது.

அந்த மறுநாள் மதியம் வெயில் பளிச்சென்றிருந்தது. ஹெலிகாப்டர் தெரிந்தது. புள்ளி பிரிந்தது. "நம்ம பக்கம்! இறங்குங்க!"

எல்லோரும் ஓடினார்கள். உம் வஹீத் மட்டும் ஜன்னலில் நின்றாள். "தெருவ காலி பண்ணிட்டு இன்னொரு புறாவ பறக்கவிடப் போறியாக்கும்! போதும்யா உன் ஆணை!" என்று கத்திவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

ஃபத்தூம் நிலவறை வாசல்வரை போய்விட்டவள். திரும்பினாள்.

"ஃபத்தூம்! வேணாம்டி! வா!" தொண்டை கிழியக் கத்தினான் ஹம்தோ.

எதிர்க் கட்டடத்தின் உடைந்த சுவர் வழியாகப் படிக்கட்டு அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். "அக்கா, புறா விஷயத்துலதான் பொய் சொன்னோம்! இதுல அவரு பொய் சொல்ல மாட்டாருக்கா! திறங்கக்கா!" கதவு திறந்தது. குழந்தை உம் வஹீதின் தோளில் இருந்தது. மூவரும் ஒரே ஒரு படி இறங்கினார்கள்.

அதன் பிறகு அங்கே படிக்கட்டு இல்லை, கட்டடமும் இல்லை. மூன்று நாள் தோண்டியும் உடல்கள் கிடைக்கவில்லை.

இறந்தவர் பெயரைப் பதிகிற ஷேக் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். உடல் கிடைக்காவிட்டால், கண்ணால் கண்ட சாட்சி வேண்டும்.

"மூணு பேரும் உள்ள இருந்ததப் பாத்தது யாரு?"

"நான்."

"பேரு?"

"ஹம்தோ."

ஷேக் நிமிர்ந்தார். "புறாக்கார ஹம்தோவா?" பேனாவைக் கீழே வைத்தார். சங்கடமாகத்தான் கேட்டார்: "வேற யாராச்சும் பாத்தாங்களாப்பா?"

பாவம் பார்த்து, நாவிதன் ஜும்மா முன்னால் வந்தான். குண்டு விழுந்தபோது நிலவறையில் காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தவன் அவன்.

"நான் பாத்தேங்க" என்றான். "அல்லா மேல ஆணை."

ஷேக் எழுதத் தொடங்கினார். ஜும்மா கையெழுத்துப் போட வசதியாக ஹம்தோ ஒதுங்கி நின்றான்.